ஓதம் ஏறிய கல்

முத்துவடிவை வாயில்லாப் பூச்சி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குற்றாலத்தில் அவள் வேலை பார்த்த பங்களாவுக்கு எதிரேதான் என் சோடாக் கடை. அவள் போட்ட சண்டைகளையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டவள் நான்.

அவள் சுரண்டையிலிருந்து, புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள். சீசனுக்கு வருகிறவர்களுக்குச் சமைத்துப்போட்டு, கூட்டிப் பெருக்கி, பின்கட்டு அறையில் மகளோடு குடியிருந்தாள். அந்த அறையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. சாரல் காலத்தில் இங்கே சுவரெல்லாம் ஊறி நிற்கும். அதைத்தான் நாங்கள் ஓதம் என்போம். அறுபத்திரண்டாம் வருஷ சீசனில் ஒரு விருந்தாளி அம்மாளின் பட்டுச்சேலை ஓதத்தில் பூஞ்சணம் பூத்துப்போயிற்று. வீட்டுக்காரர் வல்லிநாயகம் தென்காசியிலிருந்து வந்து குதித்தார்.

“இன்னொரு சாமான் ஓதத்தால கெட்டுதுன்னா, மூட்டையக் கட்டிட்டுப் போயிக்கிட்டே இரு!”

அடுத்து வந்த விருந்தாளி, கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்துகிற சிவசுப்பிரமணியன். நாகப்பட்டினத்துக்காரர். கிழக்கே எங்கோ பூமியைத் துளைத்து எடுத்த கல் துண்டுகள் மூன்றை மெழுகுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றும் உலக்கைத் தடிமன். ஒருநாள் காலை தென்காசிக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனார்.

“அம்மா, இதைப் பத்திரமா பாத்துக்குங்க. உள்ள பூரா ஓதம் ஏறின கல்லு.”

அவ்வளவுதான், முத்துவடிவுக்கு வீட்டுக்காரர் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. துணியைப் பிரித்துத் தொட்டால் கல் சில்லென்று ஈரமாக இருக்கிறது. வெயிலோ கண்ணில் படவில்லை. அடுப்புக்கு மேலே, விறகு காயவைக்கிற பரணில் மூன்றையும் அடுக்கி, தீயை நன்றாக எரியவிட்டாள்.

மத்தியானம் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

“ஏட்டி ரெபேக்கா, எஞ் சோத்துல மண்ணு விழுந்துட்டுட்டி!”

போய்ப் பார்த்தேன். ஒரு கல் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. மற்ற இரண்டும் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தன.

“பூனை தள்ளிட்டுன்னு சொல்லிருட்டி,” என்றேன்.

“பூனை அடுப்பும் மூட்டுமா? போட்டி, பொசகெட்டவளே!”

அழுதுகொண்டே சேலைகளை அள்ளி மூட்டை கட்டினாள். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் இரண்டு பேரும் வாசலைப் பார்த்தோம். கடைசியில் ஒரு பஸ் நின்றது. வாத்தியார் மட்டும் இறங்கியிருந்தால் பரவாயில்லை. கூடவே வல்லிநாயகமும் இறங்கினார்.

வாத்தியார் பரணைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பொடியைக் கையில் அள்ளி, “இது போயிடுச்சு,” என்றார்.

“கேட்டியா? கெளம்பு!” என்றார் வல்லிநாயகம்.

முத்துவடிவு மூட்டையைத் தூக்கிவிட்டாள். அவள் மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எங்கே போய் நிற்பாள் என்றுதான் எனக்கு ஓடியது. வாத்தியார் இன்னொரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஈரத்தில் ஒரே கறுப்பாக இருந்த கல், காய்ந்ததும் வரிவரியாகத் தெரிந்தது. வெள்ளையாக மணல், கறுப்பாகச் சேறு.

“நில்லுங்கம்மா,” என்றார். “ஒரு காலத்துல அங்க ஆறு கடல்ல கலந்துது. கடல் ஏறி இறங்கறப்ப தண்ணி வேகமா ஓடி மணலைப் போட்டுட்டுப் போகும். நடுவுல அசையாம நிக்கறப்ப சேறு படியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பெருசா ஏறும், வரி தடிக்கும். அப்புறம் மெலியும். இதோ, தடிச்சு மெலிஞ்சு, திரும்பத் தடிக்குது பாருங்க. இந்த ஏத்த இறக்கத்தைத்தான் எங்க பக்கம் ஓதம்னு சொல்லுவோம்.”

முத்துவடிவுக்கு வந்ததே கோபம்!

“கடல் ஏத்தம்னு சொல்லித் தொலைக்கக் கூடாதா சார்? எங்க ஊர்ல ஓதம்னா சுவரு ஊறுதது!” அதே வேகத்தில் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். “அண்ணாச்சி, ஓதத்தால கெட்டாத்தான போகச் சொன்னீய? இது காய்ஞ்சுல்லா கெட்டுது!”

வாத்தியார் பொடியைத் துணியில் முடிந்துகொண்டே, “ஒரு கல்லு போனது போனதுதான். மத்த ரெண்டுலயும் வரி நல்லாவே தெரியுது. அது என் வார்த்தையால வந்த வினை. இவங்க போனா நானும் வேற வீடு பாத்துக்கறேன்,” என்றார்.

“வாய்க்கு மட்டும் கொறைச்சல் இல்ல,” என்று முணுமுணுத்துவிட்டு வீட்டுக்காரர் பஸ்ஸுக்கு நடந்தார்.

அவர் தலை மறைந்த பிறகுதான் முத்துவடிவு மூட்டையை இறக்கினாள். அவிழ்த்தால், உள்ளே இருந்த சேலையெல்லாம் நமுத்துக் கிடந்தது. ஒவ்வொன்றாக உதறி, கல் இருந்த அதே பரணில் காயப்போட்டாள்.