ஞாயிற்றுக்கிழமை எள்ளுருண்டை

தாஜுன்னிசாவை முதலில் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. தொண்ணூற்றைந்தில், பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்தில், மனசு சரியில்லாத பிள்ளைகளைத் தங்கவைத்து வைத்தியம் பார்க்கிற இல்லத்தில் நான் சமையல்காரி, அவள் ஆயா. மாத்திரை கொடுத்தால் பிள்ளைகளின் நாக்கைத் தூக்கிப் பார்ப்பாள். தலையணையை உதறுவாள். நான் குழம்புக்கு உப்புப் போட்டேனா என்று நாலு தரம் கேட்பாள். சரியான சந்தேகப் பிராணி.

புருஷன் செத்த பிறகு இந்த வேலைதான் அவளுக்குக் கதி. உக்கடத்திலிருந்து காந்திபுரம் வந்து பஸ் மாறி வருவாள். ஏழு வருஷத்தில் ஒருநாள் லீவு போட்டதில்லை. லீவே போடாதவளுக்கு இங்கே அப்படி என்ன வரும்படியோ என்று நான் அதையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். என் புத்தி அப்படி.

அந்த வருஷம் ஈரோட்டுப் பக்கமிருந்து நந்திதா வந்தாள். பதினாலு வயசு. இரண்டு மாதமாக யாரிடமும் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. இங்கே வந்த மூன்றாம் வாரம் என்னிடம் இன்னொரு கரண்டி ரசம் கேட்டாள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் திங்கட்கிழமையானால் போதும், எச்சில் ஒழுகப் படுத்தே கிடப்பாள். எழுப்பினாலும் எழமாட்டாள். புதன்கிழமைக்குத்தான் தெளிவாள்.

அவள் அப்பா நஞ்சுண்டன் வந்து கத்தினார். ராத்திரி தொல்லையில்லாமல் தூங்குவதற்காக ஆயா மாத்திரையைக் கூடுதலாகக் கொடுக்கிறாள் என்றார். இருக்கும் என்று நானும் தலையாட்டினேன். மாத்திரை கொடுக்கிற வேலையைத் தாஜுன்னிசாவிடமிருந்து பிடுங்கி நர்சிடம் கொடுத்தார்கள். அடுத்த திங்களும் அதே கதைதான். இன்னொரு தடவை இப்படிக் கிடந்தால் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்று நஞ்சுண்டன் போனில் சொல்லிவிட்டார்.

தாஜுன்னிசா என் சமையல்கட்டில் வந்து உட்கார்ந்து அழுதாள். தன் வேலை போகுமே என்று அல்ல. "இப்பத்தான் அந்தப் புள்ள வாயத் தொறந்துச்சு. இப்பக் கூட்டிட்டுப் போனா திரும்பப் பேசவே பேசாதுங்க்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் பார்க்க வருகிற நாள். நந்திதாவின் அம்மா நஞ்சம்மாள் வழக்கம்போல எள்ளுருண்டை டப்பாவோடு வந்தார். தாஜுன்னிசா என்னை ஓரமாக இழுத்தாள்.

"அக்கா, அந்தம்மா வாரா வாரம் பலகாரம் கொண்டுட்டு வராங்க. யாருக்காச்சும் ஒண்ணு குடுத்து நீங்க பாத்திருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் டப்பாவைத் திறந்தால் வாட்ச்மேனுக்குக்கூட ஒன்றைக் கையில் திணித்துவிட்டுத்தான் மறு வேலை. வேண்டாம் என்றால் மனசு நொந்துபோவார்கள். இந்த அம்மா மட்டும் மகளுக்குத் தவிர யாருக்கும் நீட்டியதில்லை. மகள் கடைசி வாய் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்.

தாஜுன்னிசா நேரே போய், எனக்கும் ஒன்று தாருங்கள் என்று உரிமையோடு டப்பாவில் கைவிட்டு எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். நஞ்சம்மாள் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாமுங்க, தின்னுபோடாதீங்க."

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முன்பு பிள்ளையைப் பார்த்த டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரை வீட்டில் மிச்சமிருந்ததாம். அதைத்தான் பொடித்து எள்ளில் கலந்திருக்கிறார். "இங்க பேச்சும் வெளையாட்டுந்தானுங்க. மருந்தே சரியாக் குடுக்கறதில்லீன்னு நெனச்சுப்போட்டனுங்க" என்று தேம்பினார். எனக்கு வந்த ஆத்திரத்தில், பெற்ற பிள்ளைக்கு விஷமா வைப்பாய் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

தாஜுன்னிசா திட்டவில்லை. நந்திதாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, இது கசக்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டாள்.

"கசக்குமுங்க" என்றாள் நந்திதா. "மொத வாரமே தெரியுமுங்க."

பிறகு ஏன் தின்றாய் என்றதற்கு, அவள் எங்களைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தாள்.

"தின்னாத்தான் அடுத்த வாரமும் வருவேன்னு அம்மா சொல்லுச்சுங்க."