அம்மாவின் முகமும் அம்மாவின் கையும்

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் மூன்று வருடம் கல்யாண ஆல்பம் செய்தேன். கணினியில் முகங்களை வெளுப்பாக்குவது என் வேலை. பெண், மாப்பிள்ளை, சித்தப்பா, பெரியம்மா, யாரையும் விடக்கூடாது.

"கலரு தூக்கலன்னா ஆல்பத்தத் திருப்பி எடுத்தாந்துடுவாங்க பாப்பா" என்பார் ஸ்டுடியோ அண்ணன்.

ஒரு முகத்துக்கு எனக்கு அரை நிமிடம் போதும். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தக் கைவேகத்தில் எனக்குப் பெருமைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்காகப் படம் எடுத்தேன். வல்லம் பக்கத்து நிலங்களில் பெண்கள் மல்லாட்டை ஆய்வார்கள். பிடுங்கிப் போட்ட செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து, வேரிலிருந்து கடலைக்காய்களைப் பறித்துக் கூடையில் போடுவார்கள். அவர்களில் என் அம்மாவும் ஒருத்தி.

"எங்கள இன்னாத்துக்குடி எடுக்கற? கோட்டைய எடு. அதத்தான வெளியூர்லேர்ந்து பாக்க வராங்க" என்றாள் ஒருத்தி.

"கோட்டை எங்கயும் போவாது அத்தை. நீங்க நாலு மணிக்கு வூட்டுக்குப் போயிடுவீங்க."

சென்னையில் ஒரு கலைக்கூடம் புதியவர்களின் புகைப்படங்களைக் கேட்டது. பத்துப் படங்கள் அனுப்பினேன். நேரில் வரச் சொன்னார்கள். படங்களைத் தேர்ந்தெடுக்கும் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அம்மாவின் படத்திலேயே நின்றுவிட்டார்.

"இவங்களுக்கு முகம் ஒரு நிறம், கை ஒரு நிறமா?"

குனிந்து பார்த்தேன். கை நான் படம் எடுத்தபடியே, கறுப்பாக, நகக்கண்ணில் மண்ணோடு இருந்தது. முகம் மட்டும் கல்யாணப் பெண்ணின் முகம்போல வெளுத்திருந்தது. அதை எப்போது செய்தேன் என்றே நினைவில்லை. பத்துப் படங்களிலும் அப்படித்தான் செய்திருந்தேன்.

அவர் படங்களை அடுக்கி என் பக்கம் நகர்த்தினார். "கையை நம்ப முடியுது. முகத்தை நம்ப முடியல. இப்படியே மாட்ட முடியாதுங்க."

"எல்லாத்துக்கும் ஒரிஜினல் இருக்குது. திங்கக்கிழமை கொண்டாறேன். பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்றேன். அதுவரை யாரிடமும் நான் அப்படிப் பேசியதில்லை.

புதிதாக அச்சிட்டு வந்த படத்தை அம்மா கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, தாரு ஊத்துனாப்ல இருக்கறேன். ஊரு பொண்ணுங்களுக்கெல்லாம் கலரு தூக்கற, எனக்குக் கொஞ்சம் தூக்கக் கூடாதா?"

"தூக்குனேம்மா. அதான் வேணான்னுட்டாங்க."

பக்கத்தில் இருந்த நைனா, என் அப்பா, சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"கை என்னுதுதான்" என்றாள். படத்தை இன்னும் கிட்டத்தில் பிடித்து, "மூஞ்சும் என்னுதுதான். எடுத்துக்கினு போ."

கலைக்கூடத்தில் பத்துப் படங்களையும் எடுத்துக்கொண்டார்கள். அம்மாவின் படத்தை நுழைவாயிலுக்கு நேரே, முதலாவதாக மாட்டினார்கள். கீழே அட்டையில் என் பெயர். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. திறப்பு நாளன்று இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். மூன்றாவது முறையும் கேட்டாள்.

அன்றைக்குப் பட்டுப்புடவை கட்டி, முகம் நிறையப் பவுடர் அப்பிக்கொண்டு வந்திருந்தாள். பார்க்க வந்த ஒருவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்களாம்மா?"

அம்மா முந்தானையை எடுத்து நெற்றியையும் கன்னத்தையும் அழுத்தித் துடைத்தாள். பிறகு படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இப்பப் பாருங்க" என்றாள். "நாந்தான்."