முதுகோடு முதுகாய் இரு தெய்வங்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

கனடாவின் மொன்றியலில் ஒரு நூலகத்தைத் துப்புரவு செய்துவந்தேன். மனைவிக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்த காலையிலும் வேலைக்குச் சென்றிருந்தேன். தரையில் விரிந்து கிடந்த நூலொன்றில் கால் பட்டுவிட, வழக்கப்படி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகுதான் பார்த்தேன்: பண்டைய மெக்சிக்கோவின் அஸ்டெக் தெய்வங்களின் ஓவியச் சுவடி; நான் வணங்கியது மண்டையோட்டு முகத்தை!

“சாவின்ர தெய்வமோ, பிள்ளை?” என்று கேட்டேன்.

“ஓம் ஐயா,” என்றாள் அங்கு பணிபுரிந்த மன்னார்ப் பெண். “உங்கட துடைக்கிற துணி மற்றப் பாதியை மூடிக் கிடக்கு. எடுத்துப் பாருங்கோ. முதுகோட முதுகா நிக்கிறவர் காத்துத் தெய்வம், மூச்சுக் குடுக்கிறவர். ரெண்டு பேரையும் கும்பிடுங்கோ, இல்லாட்டி ஒராள் கோவிப்பார்.”

துணியை எடுக்கவும் அஞ்சினேன்.

மாலையில் மனைவி கண் விழித்தாள். பாதிப் படத்தைக் கண்டே அவளை மனதுக்குள் சாகக் கொடுத்ததை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து உங்கள் ஆவணக் காப்பகத்தில் பாதுகாத்து வையுங்கள்.