கறுப்பு நோட்டும் கைப்பிடி அரிசியும்

சனிக்கிழமை மத்தியானம் சலவைக்கடைக்காரர் என் வெள்ளை ஜிப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். கஞ்சி வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். ஒவ்வொரு முறையும் போட்டுவிடுவார். "நாளைக்குச் சர்ச்சுக்குப் போறீங்க, வெறப்பா இருந்தாத்தானுங்க எடுப்பா இருக்கும்" என்பது அவர் கட்சி. ஓய்வு பெற்ற ஆயருக்கு என்ன எடுப்பு வேண்டிக் கிடக்கிறது? இப்போது நான் கடைசி பெஞ்சில் உட்காருகிற ஆள். இருந்தாலும் அவர் போன பிறகு ஜிப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அந்தக் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், கோவை வீடும் மின்விசிறியும் மனைவி அரைத்துக்கொண்டிருந்த சட்னியும் விலகிப்போய், தகரப்பெட்டியோடு பல்லடம் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற என் இருபத்தேழு வயது கண்முன் வந்துவிட்டது.

ஊர் பெயர் எதற்கு? பல்லடத்திலிருந்து முக்கால் மணி நேரம், அவ்வளவு போதும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் வரவேற்றது இந்த வாசம்தான். நெசவுக்கான பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற சைசிங் மில் ஒன்று பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருந்தது. அதற்கு எதிர்ப்பக்கம் கோழிப்பண்ணை. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அன்றைக்கு ஊருக்கு அந்த வாசம். அப்புறம் சத்தம். தெருவுக்குப் பத்து விசைத்தறிக்குடோன். உள்ளே ஊடுநூலைக் கொண்டுபோகிற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதி ஓடுகிற சத்தத்தில் சுவரில் மாட்டிய காலண்டர்கூட ஆடும். முதல் வாரம் எனக்குத் தலை வெடித்தது. இரண்டாம் வாரம் பழகிப்போனது. மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம் கரண்ட் போய்த் தறிகள் நின்றபோது, என்னமோ ஏதோ என்று தூக்கத்திலிருந்து பதறி எழுந்தேன்.

சபையில் முப்பது முப்பத்தைந்து குடும்பங்கள். ஏறக்குறைய எல்லாரும் தறி ஓட்டுகிறவர்கள். ஆயரை அங்கே ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். தெருமுனையிலிருந்து "ஏனுங்க ஐயரே!" என்று ஒரு குரல் வந்தால் கோழிப்பண்ணையில் கோழிகள் சிறகடிக்கும். இவ்வளவு மரியாதையை இவ்வளவு உரக்கச் சொல்கிற ஜனங்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அது அவர்கள் சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன். படித்தவன் இல்லையா, எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் கைவசம் வைத்திருப்பேன்.

இந்த இடத்தில் உங்களிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குப் பிரசங்கம் வராது. மற்ற வேலைகள் எல்லாம் வரும். நோயாளி வீட்டுக்குப் போய் ஜெபிப்பேன், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பேன், சண்டை போட்ட மாமியார் மருமகளைப் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைப்பேன். ஆனால் ஞாயிறு தவறாமல் வாரத்துக்கு ஒரு முறை வந்துவிடுகிறதே, அதுதான் பிரச்சினை. புதன்கிழமை வரை மனிதனாக இருப்பேன். வியாழன் சபையார் யாராவது எதிரே வந்தால் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுவேன். வெள்ளிக்கிழமை யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுவேன். சனிக்கிழமை தோட்டத்துப் பக்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வானத்தையும் தென்னை மட்டையையும் பார்த்தபடி நடப்பேன். ஆண்டவர் ஏதாவது ஏவுவார் என்று காத்திருப்பேன். டீக்கடைக்குப் போ என்பதைத் தவிர வேறு எந்த ஏவுதலும் வந்ததாக நினைவில்லை.

அதனால்தான் கறுப்பு நோட்டு. இறையியல் கல்லூரியில் படித்த மூன்று வருடமும் நூலகத்தில் உட்கார்ந்து, கண்ணில் பட்ட பிரசங்கங்களை எல்லாம் தடித்த காலிகோ அட்டை நோட்டு ஒன்றில் பிரதி எடுத்து வைத்திருந்தேன். பண்டிகைக்கு, அறுவடைக்கு, கல்யாணத்துக்கு, துக்கத்துக்கு என்று வகை பிரித்திருப்பேன். அதில் பனி மூடிய மலைகள் வரும், புயலில் தத்தளிக்கிற கப்பல் வரும், நடுநடுவே இரண்டு கிரேக்கச் சொற்கள் வரும். கடலையே பார்த்திராத ஜனங்களுக்கு நான் வாரம் தவறாமல் கப்பல் ஓட்டினேன். ஒரு வார்த்தை தவறிவிடக்கூடாது என்று குனிந்த தலை நிமிராமல் வாசித்து முடிப்பேன்.

ஆலயத்தில் மைக் கிடையாது. பக்கத்துக் குடோன்காரர் நம் சபை இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் அவர் தறி ஓடும். அப்படியும் ஜனங்கள் ஆடாமல் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர்கூடத் தூங்கமாட்டார். வாசலில் நின்று கைகொடுக்கும்போது ஒவ்வொருவரும் "நல்லாருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் உள்ளுக்குள் பூரித்துக்கொள்வேன். ஒரு முறை பக்கம் மாறிப்போய், மூன்று வாரத்துக்கு முன் செய்த கப்பல் பிரசங்கத்தையே மறுபடியும் வாசித்துவிட்டேன். பாதியில்தான் தெரிந்தது. வியர்த்துக் கொட்டியது. வாசலில் என்ன சொல்லப்போகிறார்களோ என்று நின்றால், அதே "நல்லாருந்துச்சுங்க". என் பிரசங்கம் இரண்டாம் முறையும் புதிதாக இருக்கிறது போலிருக்கிறது என்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சாப்பாடு என்றதும் கைப்பிடி அரிசி ஞாபகம் வருகிறது. அது ஒரு நல்ல வழக்கம். தினமும் உலை வைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக ஒரு துணிப்பையில் எடுத்துப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பைகள் ஆலயத்துக்கு வரும். பெரிய அண்டாவில் கொட்டி, ஏழை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்ததுபோக ஒரு பங்கு ஐயர் வீட்டுக்கு வரும். அந்த அண்டாவில் ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். ஒன்று குழைந்துபோகும்போது இன்னொன்று விறைத்துக்கொண்டு நிற்கும். கல்யாணம் ஆகாத நானே சமைத்து நானே சாப்பிட்ட காலம் அது. குறை சொல்ல ஆள் கிடையாது.

நான் போன எட்டாவது மாதம் சாமுவேல் அண்ணன் இறந்துபோனார். எஸ்தரக்காவின் கணவர். இருவரும் ஒரே குடோனில் தறி ஓட்டியவர்கள். அண்ணன் அதிகம் பேசாத மனிதர். மார்வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், திரும்ப வரவில்லை. ஒரு ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு நினைவு ஆராதனை. துக்க வகைக்குள் போய் இருப்பதிலேயே நல்ல பிரசங்கமாக எடுத்து அரைமணி நேரம் உருக்கமாக வாசித்தேன். எஸ்தரக்கா முதல் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நன்றாகவே செய்துவிட்டோம் என்றுதான் எண்ணினேன்.

புதன்கிழமை கரண்ட் இல்லாத நேரம் பார்த்து எஸ்தரக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றது. தலையில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது.

"ஏனுங்க ஐயரே, அன்னிக்கு எங்கூட்டுக்காரரப் பத்தி ரொம்ப நேரம் பேசுனீங்களே, என்னங்க பேசுனீங்க?"

"நீங்க முன்னாடிதானக்கா உக்காந்திருந்தீங்க?"

"இருந்தனுங்க. ஒண்ணும் கேக்கலீங்க."

எனக்குப் புரியவில்லை. எஸ்தரக்கா என் முகத்தைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னது.

"பதினாலு வயசுல தறிக்கு வந்தனுங்க. காது எப்பவோ போயிருச்சு. இங்க பாதிப் பேருக்கு அப்படித்தானுங்க. எதுத்தாப்புல நின்னு பேசுனா வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவோம். நீங்க குனிஞ்ச தல நிமிராம அந்த நோட்டுக்குள்ளயே பேசிப்போட்டுப் போயிடறீங்க. எங்களுக்கு உங்க உச்சந்தலதானுங்க தெரியுது."

"எட்டு மாசமாச்சேக்கா. ஒருத்தருமே சொல்லலையே!"

"எப்படிங்க சொல்றது? படிச்ச புள்ள, மூச்சுப் புடிச்சுப் படிக்கறீங்க. சொன்னா சங்கடப்பட மாட்டீங்களா?"

எட்டு மாதம்! முப்பது கப்பலாவது ஓட்டியிருப்பேன். அத்தனையும் என் உச்சந்தலையோடு நின்றுவிட்டது. அவர்கள் அசையாமல் பார்த்தது, நான் எப்போதாவது நிமிர்ந்தால் ஒரு சொல்லாவது பிடித்துக்கொள்ளலாம் என்றுதான்.

"செரி உடுங்க. இப்ப ஒருக்கா சொல்லுங்க, வாயப் பாத்துக்கறேன்" என்றது எஸ்தரக்கா.

உள்ளே ஓடிப்போய் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். 'நம் அன்புச் சகோதரர்' என்பதை அடுத்து ஒரு கோடு. கோட்டின் மேல் பென்சிலில் சாமுவேல். அதற்கு அடியில், அதற்கு முந்தின துக்கத்தில் எழுதி ரப்பரால் அழித்த இன்னொருவர் பெயரின் தடம். அரைமணி நேரம் பேசியதில் அந்த மனிதருடைய பெயரைத் தவிர அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. வெட்கமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது. நோட்டை மூடிவிட்டு வெளியே வந்தேன்.

"வர்ற ஞாயித்துக்கிழமை சொல்றேனக்கா. உங்களப் பாத்தே சொல்றேன்."

"செரிங்க. முன்னாடியே உக்காந்துக்கறேன்."

சொல்லிவிட்டேனே தவிர எதைச் சொல்வது? மறுநாள் முதல்முறையாகக் குடோனுக்குள் நுழைந்தேன். அதுவரை வாசலோடு ஜெபித்துவிட்டுத் திரும்பிவிடுவேன், வெள்ளை ஜிப்பாவில் பஞ்சு ஒட்டுமே! உள்ளே, அண்ணனுக்குப் பக்கத்துத் தறிக்காரர் மாசிலாமணி இருந்தார். "சாமுவேலண்ணன் எப்படிப்பட்டவர்?" என்று கத்தினேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவருக்கு மட்டும் புரிந்தது. தறியைப் பார்த்தபடியே வாயை மெதுவாக அசைத்தார். என் பங்குக்கு நானும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் வாயை உற்றுப் பார்த்தேன்.

"சோத்துல கல்லு கடிக்குதுங்களா?"

கடித்தது. இரண்டு வாரமாக நறுக் நறுக்கென்று கடித்தது. ஒரு கடைவாய்ப்பல் வேறு வலித்துக்கொண்டிருந்தது. தலையாட்டினேன்.

"இதுக்கு முன்னால?"

யோசித்தேன். எட்டு மாதத்தில் ஒரு நாளும் கடித்ததில்லை.

மாசிலாமணி ஒரு கையில் முறம் பிடித்திருப்பதுபோலவும் மறு கையால் எதையோ பொறுக்கி எறிவதுபோலவும் செய்து காட்டினார். பிறகு, அண்ணன் நின்று வேலை செய்த தறியைச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு ஞாயிறும் நான் ஆலயத்து முன்வாசலில் நின்று "நல்லாருந்துச்சுங்க"வை வாங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பின்பக்கத்துப் படியில் உட்கார்ந்து சாமுவேல் அண்ணன் அண்டா அரிசி முழுவதற்கும் கல் பொறுக்கியிருக்கிறார். யாரும் சொல்லிச் செய்ததல்ல. எனக்குத் தெரியவே தெரியாது.

ஞாயிறு வந்தது. கறுப்பு நோட்டை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் அத்தனை கண்களும் என் வாயில் இருந்தன. "ரெண்டு வாரமா எனக்குச் சோத்துல கல்லு கடிக்குது" என்று தொடங்கினேன். ஆலயம் முழுக்கச் சிரிப்பு. அந்த ஆலயத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. அப்புறம் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். சோற்றில் கல் கடிக்கிற வரை அந்த மனிதரை நினைக்காமல் இருந்த என்னைப் பற்றியும் சொன்னேன். எஸ்தரக்கா எல்லாரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டே இருந்தது, திடீரென்று முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டது. கண்ணை மூடினால் என் வாய் தெரியாதே என்று அப்படியே நிறுத்திக் காத்து நின்றேன். முந்தானை இறங்கிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். மொத்தம் எட்டு நிமிடம் இருக்கும். ஒரு மலையும் இல்லை, கப்பலும் இல்லை. வாசலில் எஸ்தரக்கா என் கையைப் பிடித்து, "எங்கூட்டுக்காரரேதானுங்க" என்றது. அன்று அந்தப் பின்பக்கத்துப் படியில் முறத்தோடு உட்கார்ந்தது எஸ்தரக்கா. பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் நான் தென்னை மட்டையைப் பார்க்கவில்லை. குடோன் குடோனாகப் போய் வாய்களைப் பார்த்தேன். திரும்பும்போது ஜிப்பா நிறையப் பஞ்சும் மனது நிறையப் பேச்சும் இருக்கும். எஸ்தரக்கா முதல் பெஞ்சில் இருந்தபடியே, நான் குனிந்தால் விரலால் தன் தாடையைத் தொட்டுத் தூக்கிக் காட்டும். உடனே நிமிர்ந்துவிடுவேன். கறுப்பு நோட்டு கொஞ்ச நாள் ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தது.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊருக்குப் போயிருந்தேன். பழைய தறிகளில் பாதியை இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். சைசிங் மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். அண்டாவும் இல்லை, அரிசி கல் பொறுக்கியே பாக்கெட்டில் வருகிறது. எஸ்தரக்கா போய் ஆறு வருடம் ஆகிவிட்டது என்றார்கள். அந்தத் துக்கத்துக்குப் போகாமல் விட்டேனே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

தறிச் சத்தத்தில் இருந்த வருடங்களாலோ வயதாலோ, இப்போது என் காதும் அரைக்காதாகிவிட்டது. இங்கே எங்கள் கோவைச் சபைக்கு வந்திருக்கிற புது ஆயர் தங்கமான பிள்ளை. கையில் ஒரு டேப்லெட் வைத்திருக்கிறார். ஆலயத்தில் மூலைக்கு மூலை ஸ்பீக்கர். சத்தம் வருகிறது, சொல்தான் எனக்கு வந்து சேர்வதில்லை. வாயைப் பார்க்கலாம் என்றால் குனிந்த தலை நிமிரமாட்டேன் என்கிறது. அடர்த்தியான நல்ல தலைமுடி அவருக்கு. போன ஞாயிறு முழு நேரமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அறியாமல் விரல் தாடைக்குப் போனது, கடைசி பெஞ்சிலிருந்து அது அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படீங்கய்யா இருந்துச்சு?" என்று ஆவலாகக் கேட்டார். சனிக்கிழமை முழுக்க அவர் பட்ட பாடு கண்ணில் தெரிந்தது. அந்த இடத்தில் எஸ்தரக்கா இருந்திருக்க வேண்டும்.

"நல்லாருந்துச்சுங்க" என்றேன்.