ஐந்தரை அடித் தண்ணீர்

முடிதிருத்தும் கடை வைத்திருந்த அவரை எல்லோரும் ‘கேப்டன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் படகு ஓட்டியவர் இல்லை. சொல்லப்போனால், ஒன்பது வயதுக்குப் பிறகு படகில் கால் வைத்ததே இல்லை. ஆனால் கடைக்கு விடுமுறையான திங்கட்கிழமை வந்துவிட்டால் மனிதருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. காப்பியைக் குடித்த கையோடு, கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைக்குக் கிளம்பிவிடுவார். அங்கே மேஸ்திரியாக இருந்தவர் பதினோரு வருட வாடிக்கையாளர். வாசலிலேயே ஒரு தலைக்கவசத்தை எடுத்துக் கொடுத்து உள்ளே விட்டுவிடுவார்.

“என்ன கேப்டன், கப்பல் வாங்கப் போறீங்களா?” என்று கடையில் கிண்டல் செய்வார்கள்.

“தலைய ஆட்டாதீங்க. அப்புறம் உங்க காதை வித்துத்தான் வாங்கணும்” என்பார் கத்தரியை நிறுத்தாமல்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கரையேற்றிய கப்பலின் உயரத்தைப் பார்த்து வாய் பிளப்பார்கள். இவர் அண்ணாந்து பார்ப்பதோடு சரி. நேராக அடிப்பக்கம் போய்விடுவார். பெரிய மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சிவப்பு இரும்பு வயிற்றுக்குக் கீழே குனிந்து நின்றுகொண்டு, ஒட்டியிருக்கும் சிப்பிகளையும் பாசியையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தத் திங்கட்கிழமை அவர் மனைவியும் கூட வந்தார். மகளும் கல்யாணமாகிப் போன பிறகு, வீட்டில் ஒண்டியாக உட்கார அலுத்துவிட்டது.

“அப்படி என்னதான் வச்சிருக்காங்கன்னு நானும் பாக்குறேன்.”

“வாங்க தங்கச்சி” என்று மேஸ்திரி அவருக்கும் ஒரு தலைக்கவசம் கொடுத்தார். “நல்ல நாளாப் பாத்துதான் வந்திருக்கீங்க. பழைய ஃபெர்ரி ஒண்ணு கரையில ஏத்தியிருக்கோம். ஆத்துல ஆளுங்களை ஏத்தி இறக்கினது. இந்த மாதிரி இப்ப எங்கயும் கிடையாது.”

கேப்டன் அதைப் பார்த்ததும் நடையைக் குறைத்தார். தட்டையான முகப்பு, இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு. பக்கவாட்டில் வரிசையாக வெள்ளை எண்களும் அவற்றுக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடும் இருந்தன.

“மேஸ்திரி, அந்த நம்பர் எதுக்கு?”

“எவ்வளவு தண்ணிக்குள்ள முங்கியிருக்குன்னு காட்டுறதுக்கு. ஆளுங்க நிறைய ஏறிட்டா அந்தக் கோடு வரைக்கும் இறங்கும். அடியிலேர்ந்து அஞ்சரை அடி.”

“அஞ்சரையா?”

“ஆமா. உங்க உயரந்தான் வரும்.”

யாரோ கூப்பிட, மேஸ்திரி போய்விட்டார். கேப்டன் ஃபெர்ரியின் அடியிலிருந்து வெள்ளைக் கோடு வரை கண்ணால் அளந்தார். பிறகு மறுபடி அளந்தார். அப்படியே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னங்க, தலை சுத்துதா?”

“இவ்வளவுதானா” என்றார் அவர். “நான் கிணறு மாதிரி ஆழம்னு நினைச்சுட்டிருந்தேன்.”

அவருடைய அக்காவின் கதை மனைவிக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த வாரமே மாமியார் சொன்ன கதை. இதே மாதிரி ஒரு ஃபெர்ரியில் கூட்டம் ஒரே பக்கமாகச் சாய்ந்ததில் அக்காவும் ஒன்பது வயதுத் தம்பியான இவரும் ஆற்றில் விழுந்தார்கள். பதினான்கு வயது அக்கா தம்பியை மேலே தள்ளிவிட்டுத் தான் மூழ்கிப் போனாள். கூடத்தில் மாட்டியிருந்த ஒரே படம் அவளுடையதுதான்.

“அவ தள்ளல” என்றார் கேப்டன்.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தண்ணிக்குள்ள கண்ணைத் திறந்தேன். மேல இதே மாதிரி சிவப்பா இருந்துச்சு. மூச்சு முட்டுது. கால்ல ஏதோ பட்டுச்சு, அதை மிதிச்சு உதைச்சு மேல வந்தேன். அது அவ தோள். கரையேத்தினதும் அம்மாதான் கேட்டாங்க, ‘அக்கா தள்ளிவிட்டாளாடா’ன்னு. நான் ஆமான்னு தலைய ஆட்டினேன்.”

“அத்தைக்குக் கடைசி வரைக்கும் தெரியாதா?”

“தெரியாது.”

சற்றுத் தள்ளி ஒருவன் தண்ணீரைப் பீய்ச்சியடித்துப் பாசியைக் கழுவிக்கொண்டிருந்தான். சிவப்புக் கலந்த நீர் அவர்கள் செருப்பருகே ஓடியது. மனைவி காலை நகர்த்திக்கொண்டு கேட்டார்.

“அக்கா உங்க காலைப் பிடிச்சாங்களா?”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“முங்குறவங்க கையில எது கிடைச்சாலும் பிடிப்பாங்கங்க. உங்க கால் தோள் மேலயே இருந்திருக்கு. பிடிச்சாங்களா?”

“இல்ல” என்றார் மெதுவாக. நாற்பத்தேழு வருடமாக அந்தத் தோளை உள்ளங்காலில் சுமந்துகொண்டு திரிந்தவருக்கு, அவள் கைகள் எங்கே இருந்தன என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இப்போது தோன்றிவிட்டது. கைக்கு எட்டிய காலை அவள் பிடிக்காமல் விட்டிருக்கிறாள். அது ஆறுதலா தண்டனையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவர் பட்டறைக்குப் போகவில்லை. துவைத்த சட்டையாகப் போட்டுக்கொண்டு, பேருந்து ஏறித் தம்பி வீட்டுக்குப் போனார். விபத்துக்குப் பிறகு பிறந்தவன் அந்தத் தம்பி. தன் மகளுக்கு அக்காவின் பெயரையே வைத்திருந்தான். கதவைத் திறந்தவள் அவள்தான். கல்லூரிக்குப் போகிற பெண்.

“வாங்க பெரியப்பா. அப்பா கடைக்குப் போயிருக்காங்க, இதோ வந்துடுவாங்க. ஏதாவது விசேஷமா?”

“இல்லம்மா. சும்மாதான்.”

அவள் கொண்டுவந்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். உட்காரச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அவர் உட்காரவில்லை. தம்பி வருவதற்குள் கிளம்பி வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி கேட்டார், “தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?”

“முடியல.”

“சரி, கை கழுவிட்டு வாங்க” என்று மனைவி தட்டை எடுத்து வைத்தார்.