என் கணவர் நம்பாத மூன்று டார்க் ரெஞ்சுகள்

செல்போனில் பாம்பு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த காலம் அது. விருத்தாசலத்தில் நாங்கள் ஒரு பழைய கார் வாங்கியிருந்த புதிது. என் கணவருக்குப் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. களிமண் எடை போடும் தராசு அவர் பொறுப்பு. அதில் கொஞ்சம் தூசு உட்கார்ந்தாலும் மனுஷனுக்குச் சோறு இறங்காது. இப்படிப்பட்டவர் கார் வேலையைத் தானே பார்க்கிறேன் என்று கிளம்பினால் என்ன ஆகும்?

சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போதே ஆரம்பித்துவிட்டது. நட்டை எவ்வளவு முடுக்குவது? அதிகமானால் மரை போய்விடும், குறைந்தால் சக்கரம் நமக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கென்றே டார்க் ரெஞ்ச் என்று ஒன்று இருக்கிறதாம். வேண்டிய அளவை அதில் வைத்துவிட்டு முடுக்கினால், அந்த அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும். நெய்வேலிக்குப் போய் ஒன்று வாங்கிவந்தார்.

வாங்கியதோடு விட்டாரா? அது சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்க வேண்டுமாம். ரெஞ்சின் தலையை, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் இறுக்கிப் படுக்கையாக நிறுத்தி, கைப்பிடியில் அளந்து குறித்த இடத்தில் எடையைத் தொங்கவிட வேண்டும். எந்த அளவில் சத்தம் வர வேண்டும் என்பது பெருக்கல் கணக்கு. முறையெல்லாம் சரிதான். எந்த எடையைத் தொங்கவிடுவது? அரிசி மூட்டையை அவர் நம்பவில்லை. கடைக்காரர் தராசு என்ன லட்சணமோ என்றார். உலகத்தில் அவர் முழுசாக நம்பிய ஒரே எடை அவருடையதுதான். அறுபத்திரண்டு கிலோ.

"எப்பங்க எடை பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"வேலைக்குச் சேரும்போது டாக்டரு பாத்து எழுதுனாரு. அப்பறம் நான் என்ன வேற ஆளாவா மாறிட்டேன்?"

அவருடைய பெல்ட்டில் தொப்பைக்குக் கடைசி ஓட்டையும் போதாமல் நுனியில் ஆணியால் போட்ட புது ஓட்டையைப் பார்த்தேன்.

கயிற்றில் பலகை கட்டி, ஊஞ்சல் மாதிரி ஏறி உட்கார்ந்தார். அறுபத்திரண்டு கிலோ கணக்குப்படி சத்தம் வரக் கூடாத அளவில்தான் ரெஞ்சை வைத்திருந்தார். உட்கார்ந்ததுமே 'டக்'.

"முன்னாடியே கத்துது. இத நம்பி முடுக்குனா நட்டு லூசாத்தான் இருக்கும்" என்று கொண்டுபோய் மாற்றினார். இரண்டாவதும் அதே அளவில் கத்தியது. மூன்றாவதும் கத்தியது. கடைக்காரர் தங்கமான மனிதர். "சார், மூணும் ஒண்ணு போல சொல்லுதுன்னா அது சரியாத்தான சார் இருக்கும்?" என்று கெஞ்சியிருக்கிறார். "மூணு பேரு சேந்து பொய் சொன்னா உண்மையாயிடுமா?" என்று கேட்டுவிட்டு வந்தார் இவர்.

பிறகு அவரே ஒரு முடிவுக்கு வந்தார். ரெஞ்ச் முன்னாடியே கத்துவதால் நாம் அளவைக் கூட்டி வைப்போம். பத்திரத்துக்கு அதற்கு மேலும் கொஞ்சம். நாலு சக்கரத்தையும் அப்படியே முடுக்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வேப்பூர் தாண்டி ஒரு கிராமத்தில் என் தம்பி குழந்தைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். கோயிலில் குழந்தையை ஏந்த வேண்டிய கை என்னுடையது. அதற்குப் போட வேண்டிய வெள்ளை உடுப்பும் என் மடியில் இருந்தது. வேப்பூர் நெருங்கும்போது டயர் பஞ்சர். ஸ்பேனரை மாட்டி இவர் அழுத்துகிறார், அழுத்துகிறார், நட்டு அசையவே இல்லை. தம்பி போன் மேல் போன்.

"அக்கா, எங்க இருக்கற? பூசை முடிஞ்சிடுச்சி. ஃபாதரு அடுத்த ஊருக்குக் கெளம்பணுங்கிறாரு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எதிர் ஓட்டலில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள். ஸ்பேனர் மேலேயே ஏறி நின்று குதித்துப் பார்த்தார்.

"யாருண்ணே இத முடுக்குனது? வெல்டு வச்ச மாதிரி இருக்குது" என்றார். என் கணவர் ரோட்டில் போகும் பஸ்ஸைப் பார்த்தார்.

டிரைவர் இவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க ஏறுங்கண்ணே. எம்பது கிலோ இருப்பீங்கல்ல, கழண்டுக்கும்."

"அறுவத்திரண்டு" என்றார் இவர், அந்த நிலைமையிலும்.

"அறுவத்திரண்டு நாந்தாண்ணே!" என்றார் டிரைவர்.

என் கணவர் அவரைப் பார்த்தார். குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்பேனர் மேல் ஏறினார். 'கிறீச்' என்று நட்டு இளகியது. மற்ற நட்டுகளும் அதே மரியாதையோடு வழிவிட்டன.

நாங்கள் போனபோது ஃபாதர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பைக்கில் உட்கார்ந்திருந்தார். என் கையில் உடுப்பைப் பார்த்ததும் சிரித்தபடி இறங்கினார். குழந்தையை ஏந்தியபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

மறுநாள் கம்பெனியில் களிமண் தராசில் ஏறிப் பார்த்திருக்கிறார். அதை மட்டும் அவரால் சந்தேகப்பட முடியாது. சாயங்காலம் வந்து, "மூணு ரெஞ்சும் சரியாத்தான் இருந்திருக்குது" என்றார். எத்தனை கிலோ என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தேன். ஜாக்கெட்டைச் சின்னதாகத் தைத்துவிட்டதாகத் தையல்காரம்மாவிடம் போன வாரம் நான் போட்ட சண்டை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இன்றும் எதையாவது சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தால், பலகையில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆடிய அந்த அறுபத்திரண்டு கிலோ என் கண்முன் வந்து நிற்கிறது.