விதைக்காத அறுவடை

கருவி மாட்டும் வேலையில் திருப்புளியைவிட வாய் முக்கியம். கருவி மாட்டிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? எனக்கு வாய்தான் முதலீடு. ஆலங்காயம் பஸ் கண்டக்டர் முதல் என் முதலாளி முரளி சார் வரை யார் குரலிலும் பேசுவேன். இதைப் படித்தால் சிரிப்பீர்கள். ஆனால் உடனே இல்லை. முதலில் ஒரு சாமைக் கொல்லை பிழைக்க வேண்டும்.

யார் விதைத்தது?

ஜவ்வாது மலையில் மல்லிகா அக்காவின் சாமை கதிர் முற்றி நின்றது. வருஷத்துச் சோறு அதுதான். புருஷன் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். காட்டுப்பன்றிகளோடு அக்கா ஒருத்தியாகவே மல்லுக்கட்டினார். பன்றி வந்தால் சொல்லட்டும் என்று நானும் முரளி சாரும் வேலியில் எங்கள் கருவிப் பெட்டியை மாட்டினோம். பேட்டரி கிடையாது. செல்போன் டவரிலிருந்து வரும் அலைகளைப் பிடித்துத் துளித்துளியாய் மின்சாரம் சேர்த்துக்கொள்ளும். "காத்துல இருக்கிற கரண்ட்டை அறுவடை பண்றோம்மா" என்றார் சார். அக்கா அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "வெதைச்சவன் வந்து கேட்டா இன்னா சார் சொல்லுவீங்க?"

பெட்டியின் பசி

வெயில், ஈரம், வேலிக் கம்பியின் அசைவு மூன்றையும் அந்தப் பெட்டியே பார்க்கும் என்று சொல்லியிருந்தோம். மலையில் டவர் சிக்னல் நைந்த நூல் மாதிரி. சேர்ந்த மின்சாரம் வெயிலையும் ஈரத்தையும் அளப்பதிலேயே தீர்ந்துபோனது. பன்றிகள் வந்தபோது பெட்டி செத்துக் கிடந்தது. ஒரு மூலைக் கதிர் மண்ணோடு மண். "மின்சாரம் சேர்ற வரைக்கும் அது தூங்கும்மா" என்று சார் மெல்லச் சொன்னார். மிதிபட்ட கதிரைப் பொறுக்கிக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் அக்கா சொன்னார்: "அது தூங்கட்டும். நான் தூங்கலையே சார்."

 

சார் குரல்

மறுநாள் வெயிலையும் ஈரத்தையும் விட்டுவிட்டு, கம்பி அசைவை மட்டும் பார்க்க வைத்தோம். கம்பி ஆடினால், வீட்டுக் கரண்ட்டில் ஓடும் ஸ்பீக்கருக்குப் பெட்டி சேதி அனுப்பும். ஸ்பீக்கர் 'பீப்' அடிக்கும் என்றுதான் அக்காவிடம் சொன்னோம். அந்த பீப் கோழிக்குஞ்சைக்கூட எழுப்பாது. பீப்புக்குப் பதிலாக, சாருக்கும் தெரியாமல், சார் குரலிலேயே ஸ்பீக்கரில் பேசிப் பதிந்துவைத்தேன்: "பன்னிம்மா பன்னி! ஓடியாங்க!"

அடுத்த வாரம் போனபோது மிச்சக் கொல்லை அப்படியே நின்றது. அக்கா சாருக்கும் எனக்கும் சாமைச் சோறு போட்டார். "விடியக்காலைல வந்து கொரல் குடுத்துட்டு, மூஞ்சியக்கூட காட்டாம போய்ட்டீங்களே சார்! பன்னிய வெரட்டிட்டு வந்து தேடறேன், ஆளக் காணோம்." சார் வாய் நிறையச் சோற்றோடு விழித்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டைப் பார்த்தேன். அந்நேரம் ஆடு ஒன்று வேலியை உரச, வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு முரளி சார் அலறினார்: "பன்னிம்மா பன்னி!"

அக்கா சாரின் வாயைப் பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்: "சார் வாய்ல சோறு இருக்குது. அப்போ உள்ள கத்துறது நீயாடா தம்பி?"

காற்றில் இருக்கும் கரண்ட்டைப் பிடிக்க நாங்கள் அத்தனை பாடு பட்டோம். அக்கா எங்களை ஒரு வாய்ச் சோற்றில் பிடித்துவிட்டார்.